அனுமன் ஏன் மலையையே தூக்கி வந்தார்?

இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஏதோ ஒரு மாத்திரையை நம்பிச் சாப்பிட்டு வருகிறார். 'இப்ப எவ்வளவோ தேவலைடி' என்று முகம் மலரச் சொல்கிறார். ஆனால், அந்த மாத்திரையால் அந்த நோய்க்குப் பயன் எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வருகிறது. என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்வீர்களா? அல்லது, 'பாவம்... அவங்க நம்பிக்கையை நாம ஏன் கெடுக்கணும்' என்று பேசாமல் இருந்துவிடுவீர்களா?

'இதில் என்ன பெரிய தத்துவம் இருக்கிறது' என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது, பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிறுத்துப்போன ராமஜெயம்

என் அம்மா தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுபவர். விடியற்காலையில் குளித்து, விளக்கேற்றி, நூற்றெட்டு முறை எழுதி முடித்த பிறகுதான் காபி. நாங்கள் நங்கநல்லூரில் இருப்பதால், சனிக்கிழமை தவறாமல் அங்குள்ள முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு வருவார். எழுதி முடித்த நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், அந்த நோட்டுகளில் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தின் மேலே எழுத்துகள் பெரிதாக இருந்தன. கீழே வர வர, எறும்பு ஊர்வதுபோலச் சிறுத்துக்கொண்டே போயின. கடைசி வரியைப் படிக்கவே முடியவில்லை. அதற்கு முந்தைய வருடத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவு!

"கண்ணாடியை மாத்தணும்டி" என்றார் அம்மா.

கண்ணாடியை மாற்றினோம். எழுத்து மாறவில்லை. அதன் பிறகுதான் மற்றவையும் என் கண்ணில் பட்டன. நடக்கும்போது அம்மாவின் இடது கை வீசவில்லை. குரல் இறங்கியிருந்தது. கற்பூரம் ஏற்றினால் வாசனை தெரியவில்லை என்று அவர் சொல்லியே ரொம்ப நாளாகியிருந்தது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது இடது கை விரல்கள் மட்டும், ஜபமாலை உருட்டுவதுபோல மெள்ள ஆடின.

நரம்பியல் மருத்துவர் நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டச் சொன்னார், எழுதச் சொன்னார். "பார்க்கின்சன் நோய். ஆரம்ப நிலைதான்" என்றார்.

1817-ம் வருடம் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதியதால், இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஆயுர்வேதம் நடுக்க நோயைக் கம்பவாதம் என்று சொல்கிறது. மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகின்றன. உடலின் அசைவுகளைச் சீராக்கும் அந்த ரசாயனம் குறைவதால்தான் நடுக்கமும், இறுக்கமும், நடையில் மந்தமும். வெளியே அறிகுறி தெரிவதற்குள், உள்ளே கணிசமான செல்கள் போய்விட்டிருக்கும்.

லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. அதனால் அசைவுகள் எளிதாகின்றன. ஆனால், செல்கள் குறைவதை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. மருத்துவர் இதை மறைக்காமல் சொன்னார். "தினமும் உடற்பயிற்சி பண்ணுங்க. மாத்திரையை நேரம் தவறாம போடுங்க. நிறைய வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த அம்மா, "நிறுத்த மருந்து இல்லையாமே..." என்றார். அதற்கு மேல் அன்று எதுவும் பேசவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டில்

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் செய்தி கேட்டுத் துடித்துப்போனான். ஓடிவர முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை பாட்டில்கள். விலையைக் கேட்டபோது எனக்குத் தலைசுற்றியது.

இந்தப் பொருள் நம் உடம்பே தயாரித்துக்கொள்வதுதான். செல்களுக்குள் சக்தி உண்டாக உதவுகிறது. பார்க்கின்சன் நோயில் செல்களின் சக்தி உற்பத்தி குறைவதால், வெளியிலிருந்து இதைக் கொடுத்தால் நோய் மெதுவாகுமோ என்று விஞ்ஞானிகளே நினைத்தார்கள். அண்ணன் நினைத்ததில் தவறில்லை.

அம்மா அந்தப் பாட்டிலை சுவாமி படத்துக்கு முன் வைத்து, குங்குமம் இட்டு, அதன் பிறகே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மூன்றே வாரத்தில் முகம் தெளிந்தது. கை கொஞ்சம் வீசியது. "உங்கண்ணன் அனுப்பினது கைமேல பலன்" என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம்.

பத்திரிகைக்காரியின் புத்தி சும்மா இருக்குமா? அந்த மாத்திரையைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2002-ல் எண்பது நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தருவதாக இருந்தது. அதை உறுதி செய்ய, வட அமெரிக்காவில் அறுநூறு நோயாளிகளிடம் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். எல்லோரும் ஆரம்ப நிலையில் இருந்தவர்கள். தினமும் 1,200 மில்லிகிராம், 2,400 மில்லிகிராம் என்று சிலருக்கு நிஜ மாத்திரை. சிலருக்கு அதேபோலத் தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2011-ல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2014-ல் முடிவு வெளியானது. நிஜ மாத்திரைக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை!

கிரியேட்டின் என்ற இன்னொரு சத்துப்பொருளுக்கும் இதே கதி. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ நோயை மெதுவாக்கவில்லை என்பது 1993-லேயே தெரிந்துவிட்டது.

அப்படியானால், என் அம்மாவின் கை வீசியதே... அது பொய்யா?

நம்பிக்கையும் சுரக்கிறது!

இதற்கான விடைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கனடாவின் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டு, அவர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் முடிவு வந்தது. 'மருந்து கிடைத்திருக்கலாம்' என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்கள் மூளையில் டோபமைன் சுரந்திருந்தது! எது குறைந்ததால் அவர்களுக்கு நோயோ, அதையே நம்பிக்கை சிறிது நேரம் சுரக்க வைத்திருக்கிறது.

2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பன்னிரண்டு நோயாளிகளுக்கு இரண்டு முறை உப்புத் தண்ணீர் ஊசிதான் போட்டார்கள். ஆனால், ஒன்று விலை குறைந்த மருந்து, மற்றது விலை உயர்ந்த மருந்து என்று சொல்லியிருந்தார்கள். 'விலை உயர்ந்த' உப்புத் தண்ணீர்தான் அதிக பலன் தந்தது. என் அண்ணன் அனுப்பிய பாட்டிலின் விலையை நினைத்துக்கொண்டேன்.

ஆக, அம்மா சொன்னது பொய் இல்லை. நிஜமாகவே நன்றாக உணர்ந்திருக்கிறார். அந்த நலத்தில் மகனின் அன்பு இருந்தது. சுவாமியின் முன் வைத்து எடுத்த பக்தி இருந்தது. மருத்துவர் கொடுத்த லெவோடோபாவும் இருந்தது. ஆனால், பாட்டிலுக்குள் இருந்தது நோயை நிறுத்தவில்லை. இரண்டுமே உண்மை.

'அப்படியென்றால் நம்பிக்கையே மருந்தாக இருந்துவிட்டுப் போகட்டுமே! எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்?' என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். துணைக்கு வள்ளுவரையும் அழைத்துக்கொண்டேன். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்று சொன்னவர் அல்லவா அவர்! ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அந்த மார்கழி காலை

மார்கழியில் ஒரு விடியற்காலை. வாசலில் கோலம் போட உட்கார்ந்த அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு மரம்போல இறுகிவிட்டது. குரல் கொடுத்தும் வெளியே கேட்கவில்லை. அடுத்த வீட்டு வாட்ச்மேன் பார்த்து எங்களைக் கூப்பிடும்வரை, பனியில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மருத்துவரிடம் ஓடினோம். அவர் மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ணினார். கணக்கு உதைத்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை போட வேண்டிய லெவோடோபாவை, அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு வேளையாகக் குறைத்திருந்தார்!

"லெவோடோபாவை இப்படிச் சொல்லாம குறைக்கவோ நிறுத்தவோ கூடவே கூடாது. ஆபத்துல கொண்டுபோய் விட்டுடும்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ணினே?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "உங்கண்ணன் வாராவாரம் போன்ல கேக்கறான், 'அம்மா, நான் அனுப்பினது வேலை செய்யுதா?'ன்னு. 'ஆமாண்டா, டாக்டர் மாத்திரையையே குறைச்சுட்டேன்'னு சொன்னா அவனுக்கு எவ்வளவு நிம்மதி! பக்கத்துல இருக்க முடியலையேன்னு தவிக்கிற பிள்ளைடி..."

"உனக்கு அந்த மாத்திரையில நம்பிக்கை இருந்துச்சாம்மா?"

"முதல்ல இருந்தது. ரெண்டு மூணு மாசத்துக்கு அப்புறம் பழையபடி ஆயிடுச்சு. உனக்கும் வருத்தமா இருக்குமேன்னு சொல்லலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது சகோதரிகளே! அம்மாவின் நம்பிக்கை கெடக்கூடாது என்று நான் மறைத்தேன். மகனின் மனம் நோகக்கூடாது என்று அம்மா மறைத்தார். மூன்று பேரும் ஒருவர்மீது ஒருவர் வைத்த அன்பினால்தான் மறைத்தோம், நடித்தோம். விலை கொடுத்தது அம்மாவின் உடம்பு.

வள்ளுவர் சொன்னதில் ஒரு சொல்லை நான் வசதியாக மறந்திருந்தேன். 'குற்றமில்லாத நன்மை' என்கிறார் அவர். அன்றைக்கு மட்டும் இனிக்கும் நன்மை போதாது. அதில் ஒளிந்திருக்கும் தீங்கும் இருக்கக் கூடாது. என்ன நடக்கிறது என்பதை முழுதாக அறியாமல், 'இது குற்றமில்லாத நன்மைதான்' என்று முடிவு செய்ய நான் யார்? அம்மாவிடம் கேட்கவே இல்லையே! மறைத்ததால் கேட்கும் வழியையும் நானே அடைத்துக்கொண்டேன்.

சுஷேணரின் முன்னால்

அந்த சனிக்கிழமை அம்மாவைக் கைப்பிடித்து ஆஞ்சநேயர் சந்நிதிக்கு அழைத்துப் போனேன். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றபோது சஞ்சீவி மலையின் கதை வேறு விதமாகப் புரிந்தது.

வால்மீகி ராமாயணத்தில், ராவணனின் சக்தி ஆயுதம் பட்டு லட்சுமணன் சாய்ந்து கிடக்கிறான். மூலிகைகளைக் கொண்டுவரச் சொல்பவர் வானர வைத்தியரான சுஷேணர். அனுமன் பறந்து போகிறார். அங்கே எது அந்த மூலிகை என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் என்ன செய்திருக்கலாம்? 'நான் ராமபக்தன். என் கை தொட்டது மருந்தாகிவிடும்' என்று ஏதோ ஒரு செடியைப் பறித்து வந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மலைச்சிகரத்தையே பெயர்த்து வந்து, தெரிந்தவர் முன்னால் வைத்தார். சுஷேணர் மூலிகையை எடுத்து, நசுக்கி, லட்சுமணனின் நாசியில் கொடுத்தார்.

அனுமனைவிடப் பெரிய பக்தர் யார்? அவரே வைத்தியரிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் அவர் பக்தி குறைந்துவிட்டதா என்ன?

மறுவாரமே வீட்டிலிருந்த எல்லா பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அண்ணன் அனுப்பியது, அம்மா ரத்தசோகைக்காகத் தானே வாங்கிச் சாப்பிட்ட இரும்புச்சத்து மாத்திரை, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த பூனைக்காலிப் பொடி... ஒரு சின்ன மலை!

மருத்துவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். க்யூ10 அம்மாவுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் நோயை நிறுத்தாது என்றார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால், அதன் வேலையை இது குறைக்கக்கூடும் என்றும் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்துப் போட்டால், லெவோடோபா உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். சிலருக்குப் பருப்பு, பால் போன்ற புரத உணவோடு போட்டாலும் அதன் பலன் குறையும்.

பூனைக்காலி விஷயம்தான் ஆச்சரியம். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான்! 1937-லேயே நம் சென்னையில், தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். நம் மூலிகை வெறும் நம்பிக்கை அல்ல என்பதில் எனக்குப் பெருமை. ஆனால், மருத்துவர் சொன்னது இது: "அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஏற்கெனவே மாத்திரையில இருக்கற அதே மருந்து இதுலயும் இருக்கு. ஒரு பாட்டில்ல இருக்கற அளவு இன்னொண்ணுல இருக்காது. கணக்கில்லாம சேர்ந்தா குமட்டல், தலைசுற்றல், கை கால் தானா ஆடறது, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது எல்லாம் வரும்." ஒன்றுமில்லாத மாத்திரையைவிட, உண்மையிலேயே வேலை செய்யும் மூலிகைக்குத்தான் வைத்தியரின் மேற்பார்வை கூடுதலாக வேண்டியிருக்கிறது!

விரதம்போல ஒரு பரீட்சை

'அப்படியானால் எந்தச் சத்து மாத்திரையையும் முயற்சி செய்யவே கூடாதா' என்று கேட்கிறீர்களா? நான் அப்படிச் சொல்லவில்லை. நோயில் இருப்பவருக்கு, தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இயல்பானது. அதைக் கேலி செய்வது பாவம். ஆனால், முயற்சி செய்யும் முறை நமக்குத் தெரிந்ததுதானே? நாம் விரதம் இருப்பவர்கள்!

விரதத்துக்குச் சங்கல்பம் உண்டு. இன்ன காரணத்துக்காக, இந்த நாள் தொடங்கி, இந்த நாள் வரை என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். தெய்வத்தைச் சாட்சியாக வைக்கிறோம். முடிந்ததும் பூர்த்தி செய்கிறோம். புதிய மாத்திரைக்கும் இப்படியே ஒரு சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். எதற்காக எடுக்கிறேன், எத்தனை நாள் பார்ப்பேன், பலன் இல்லையென்றால் நிறுத்துவேன் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கொடுத்த மருந்தில் அவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். நன்றாக இருந்த நாளை மட்டும் எழுதாமல், சரியில்லாத நாளையும் எழுதுங்கள்.

கடவுளிடம் வைக்கும் நம்பிக்கைக்குக் காலக்கெடு இல்லை. கடையில் வாங்கும் பாட்டிலுக்குக் காலக்கெடு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் நாங்கள் செய்த தவறு. பாட்டில் பலன் தரவில்லை என்றால் சுவாமி கைவிட்டுவிட்டார் என்று நினைக்கத் தேவையே இல்லை. நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவர் என்ற நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். அந்த நான்காவது ஆளாக நாம் இருக்கிறோமே, அதுவும் அருள்தானே!

அன்று இரவே அண்ணனை போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "இனிமே பாட்டில் அனுப்பல. நானே வர்றேன்" என்றான். லீவு போட்டுவிட்டு வந்து மூன்று வாரம் இருந்தான். தினமும் காலையில் அம்மாவோடு நடந்தான்.

அம்மாவுக்கு நோய் போய்விடவில்லை. அது இருக்கத்தான் போகிறது. மாத்திரை மூன்று வேளையும் நேரத்துக்குப் போகிறது. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண், எழுதுவதற்கு நான்கு கோடு நோட்டு வாங்கச் சொன்னார். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் எழுத்து சிறுக்காதாம். இப்போதெல்லாம் அம்மா நூற்றெட்டு எழுதுவதில்லை. இருபத்தேழுதான். ஆனால், கோட்டைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு ராமஜெயமும் முழுசாக நிற்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒளித்து வைத்த பாட்டில் ஏதாவது இருக்கலாம். உங்களுடையதோ, மாமியாருடையதோ, கணவருடையதோ... வரும் சனிக்கிழமை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு வந்து, அதை எடுத்து ஒரு பையில் போடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் மேஜைமேல் வையுங்கள்.

மலையோடு கொண்டுபோனால் போதும். மூலிகை எது என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்!